தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் போய்விட்டு வருகிறவர்கள் தனுஷ்கோடியையும் எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. மணலில் நிற்கும் ஸ்டேஷன் சுவரைப் பார்த்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பது ஒன்றுதான்: இங்கே மறுபடி ரயில் வருமா? அதையொட்டி இன்னும் பல கேள்விகள் வரும். எனக்குத் தெரிந்த அளவில் அவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். சில இடங்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது.

பழைய பாதை எந்த வழியாகப் போனது? ராமேஸ்வரத்திலிருந்துதானே?

இல்லை. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். தனுஷ்கோடிப் பாதை பிரிந்தது பாம்பனில். பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் பாம்பன் ஜங்ஷன். அங்கிருந்து ஒரு பாதை ராமேஸ்வரம் கோயிலுக்கும், இன்னொன்று தீவின் தென்பக்கமாகத் தனுஷ்கோடிக்கும் போனது. இரண்டும் மீட்டர் கேஜ்.

அன்றைய கணக்கில் முக்கியமான பாதை தனுஷ்கோடிப் பாதைதான். ராமேஸ்வரம் பக்கம் போனது பக்தர்களுக்கான கிளை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிப் பாதை அழிந்த பிறகு அது தலைகீழாகிவிட்டது. இது ஏதோ பழங்கதை என்று விட்டுவிட வேண்டாம். இப்போது பேசப்படும் புதிய பாதை பாம்பனிலிருந்து அல்ல, ராமேஸ்வரத்திலிருந்து தொடங்குகிறது. அதாவது பழைய பாதையைப் புதுப்பிப்பது என்று சொன்னாலும், ஒரு பகுதிக்கு முற்றிலும் புதிய வழிதான் போட வேண்டும்.

அந்த ஒல்லியான மணல் திட்டுக்கு எதற்காக ரயில் போட்டார்கள்?

கப்பலுக்காக. எதிர்க்கரையில், இலங்கையில் இருக்கும் தலைமன்னாருக்கு அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான். நடுவில் உள்ள மணல் திட்டுகள் மேலேயே பாலம் கட்டி இலங்கைக்கு ரயில் விடலாம் என்றுகூட ஆங்கிலேயர்கள் யோசித்தார்கள். செலவைப் பார்த்து அதைக் கைவிட்டார்கள். பாம்பன் கடலுக்குப் பாலம், அதற்கு அப்பால் ரயில், ரயில் முடியும் இடத்தில் கப்பல் என்று ஏற்பாடு ஆனது. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் அதே ஆண்டில் ஓடத் தொடங்கியது.

சென்னை எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் எடுக்கலாம். ரயிலில் தனுஷ்கோடி வரை போய், கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம். போட் மெயில் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் இரவு ரயிலை இன்றும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள், கப்பல் இல்லாவிட்டாலும்.

அந்த வழியில் போனவர்கள் டிக்கெட் எடுத்த கனவான்கள் மட்டும் அல்ல. தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கூட்டிப்போன ஏழைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கரை வழியாகத்தான் போனார்கள். நோய் பரவாமல் இருக்க மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்திவைத்துப் பார்த்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். மலையகத்தில் இருக்கும் பல குடும்பங்களுக்கு ஊரை விட்டுப் போன நினைவு என்பது மண்டபமும் தனுஷ்கோடியும்தான். இந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

1964 டிசம்பரில் சரியாக என்ன நடந்தது?

டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 653-ஆம் எண் பாசஞ்சர் நள்ளிரவை நெருங்கும்போது கிளம்பியது. புயல் ஏற்கனவே கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றதாகவும், வெகுநேரம் காத்திருந்த டிரைவர் கடைசியில் விசில் கொடுத்துவிட்டு மெல்ல நகர்த்தியதாகவும் சொல்கிறார்கள். எழுந்து வந்த அலை வண்டியை அப்படியே மூடியது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட்டைக் கணக்கில் வைத்து 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்று எண்ணினார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள் என்பதால் உண்மையான எண்ணிக்கை அதைவிட அதிகம் என்று பலர் கருதுகிறார்கள்.

ஊரும் போயிற்று. ஸ்டேஷன், தபால் அலுவலகம், சுங்க அலுவலகம், தேவாலயம், வீடுகள் எல்லாம். அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு. அதன் பிறகு அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது.

புயலுக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன்பு, அக்டோபர் 30 அன்று, இந்தியாவும் இலங்கையும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்புவது என்று அதில் முடிவானது. அவர்கள் போன வழியிலேயே திரும்பி வரவேண்டிய நேரத்தில் தனுஷ்கோடித் துறை இல்லாமல் போயிருந்தது. அப்புறம் வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

பாம்பன் பாலத்தை மட்டும் உடனே சரிசெய்தார்களே, இந்தப் பாதையை ஏன் விட்டுவிட்டார்கள்?

பாலத்தின் கர்டர்களில், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களில், நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கடல் இழுத்துப் போயிருந்தது. கப்பல்களுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில், கடலில் விழுந்தவற்றைத் தேடி எடுத்து, 46 நாட்களில் பாலத்தை மறுபடி நிறுத்தினார்கள். பின்னாளில் கொங்கண் ரயில், டெல்லி மெட்ரோ என்று அறியப்பட்டவர் அவர்தான்.

அந்த வேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பாலம் இல்லாவிட்டால் ராமேஸ்வரம் துண்டிக்கப்பட்டுவிடும். சாலைப் பாலம் அப்போது கிடையாது. தனுஷ்கோடிக்கு அந்த அவசரம் இல்லை. ஊர் இல்லை, துறைமுகம் இல்லை. கப்பலையும் ராமேஸ்வரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாதை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதே இல்லாமல் போன பிறகு அதைப் போட என்ன நியாயம் சொல்ல முடியும்? அன்று எடுத்த முடிவைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பழைய தண்டவாளம் இன்னும் இருக்கிறதா?

ஓடக்கூடிய பாதை என்று எதுவும் இல்லை. ஸ்டேஷனின் இடிந்த சுவர்கள், தண்ணீர்த் தொட்டி ஒன்றின் மிச்சம், அங்கங்கே கட்டுமானத் துண்டுகள். மணல் நகரும் இடம் என்பதால் சில காலம் தெரிவது அப்புறம் மூடிக்கொள்ளும்.

புதிய பாதைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினாரே, அது என்ன ஆயிற்று?

2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் நடந்த விழாவில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் அகலப்பாதை. 208 கோடி ரூபாய் என்று அன்று சொன்னார்கள். அதே விழாவில் அடிக்கல் நாட்டிய புதிய பாம்பன் பாலம் முடிந்து, 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு, ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. தனுஷ்கோடிப் பாதை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நிலம் கைக்கு வரவில்லை. மாநில அரசு சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி இதில் ஆர்வம் காட்டவில்லை. இன்றைய விலைவாசியில் அந்த 208 கோடிக்கு வேலை முடியும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

நிலம் என்ன பெரிய சிக்கல்? வெறும் மணல்தானே?

இந்தக் கேள்விதான் என்னை மிகவும் வருத்தப்படுத்துகிறது. வெறும் மணல் என்று ஒன்று அங்கே இல்லை.

ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் சில இடங்களில் ஒரு பார்வையிலேயே இரண்டு கடலையும் பார்த்துவிடலாம், அவ்வளவு குறுகிய நிலம். மன்னார் வளைகுடா 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மழைக்காலத்துக்குப் பிறகு உப்பங்கழிகளில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் பெரும் பூநாரைகளுக்காகவே சுமார் 525 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தது. அடிக்கல் நாட்டியபோது இல்லாத நிலைமை இது. இனி அந்தப் பக்கம் எதைக் கட்டினாலும் காட்டுயிர் அனுமதி, கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி இரண்டையும் தாண்ட வேண்டும். மணல் மேடுகளும் ஆமைகள் முட்டையிடும் இடங்களும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளில் மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன.

மணல் மேட்டை வெட்டிச் சமன் செய்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். கடல் பொங்கும்போது முதல் அடியை வாங்குவது அந்த மேடுகள்தான். அவற்றைக் கலைத்து மண்கரை போட்டால், புயலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பை நாமே எடுத்துவிட்டு அங்கே தண்டவாளத்தை வைத்ததாக ஆகும். தூண்கள் மேல் கொண்டுபோகலாம், முடியாதது இல்லை. ஆனால் அதற்கான செலவு வேறு கணக்கு.

போடிக்கும் அகஸ்தியம்பள்ளிக்கும் ரயில் திரும்பி வந்துவிட்டதே, இங்கே மட்டும் ஏன் கூடாது?

நியாயமான கேள்வி. மதுரை–போடி பாதையை அகலப்பாதையாக்க 2010-இன் கடைசியில் மூடினார்கள். தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூனிலும் ரயில் வந்தது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. காரைக்கால்–பேரளம் பாதை மூடிக் கிடந்தது எத்தனை ஆண்டு! அங்கேயும் புதிதாகத் தண்டவாளம் போட்டு 2025-இல் சோதனை ஓட்டம் நடத்திவிட்டார்கள். ஆக, நின்றுபோன கிளைப்பாதை திரும்பாது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கும் இந்தப் பாதைகள் திரும்பி வந்ததில் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அவற்றோடு தனுஷ்கோடியை ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கெல்லாம் ரயில்வே நிலம் பாதை நெடுகக் கையில் இருந்தது, பழைய கரையும் இருந்தது. பாதை முடியும் இடத்தில் ஓர் ஊரோ சரக்கோ காத்திருந்தது. அகஸ்தியம்பள்ளிக்கு வேதாரண்யத்து உப்பு. போடிக்கு ஏலக்காய் வியாபாரமும் மதுரைக்குத் தினமும் போய்வரும் ஜனங்களும். தனுஷ்கோடியில் காத்திருந்தது கப்பல் ஒன்றுதான். இன்று அது இல்லை.

தருமபுரியைப் பாருங்கள். மொரப்பூர்–தருமபுரி பாதையை இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பிடுங்கினார்கள். அதற்கும் 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் என்பது ரயில் இல்லை. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் நன்றாகவே சொல்வார்கள்.

புயல் மறுபடி வந்தால்?

வரும். இன்று எச்சரிக்கை முன்கூட்டியே கிடைக்கும் என்பதால் ரயிலோடு உயிர்கள் போகும் நிலை வராது என்று நம்பலாம். காற்று ஒரு அளவைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். இங்கும் அதே முறை வரும்.

தினசரித் தொல்லை அதைவிடப் பெரியது. உப்புக் காற்றில் இரும்பு அரிப்பது உலகத்திலேயே கடுமையாக இருக்கும் இடங்களில் ஒன்று பாம்பன். நூறாண்டு தாங்கிய பழைய பாலத்தையே அதனால்தான் 2022 டிசம்பரில் நிறுத்த வேண்டிவந்தது. அதற்குப் பிறகு புதுப் பாலம் திறக்கும் வரை ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. தனுஷ்கோடியில் உப்போடு மணலும் சேரும். காற்றடிக்கும் மாதங்களில் சாலை மேலேயே மணல் வந்து படிகிறது. தண்டவாளத்தின் மேல் படிந்தால் ஆள் வைத்து அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

அங்கே இப்போது யாராவது வாழ்கிறார்களா? அவர்களுக்கு ரயில் வேண்டுமா?

வாழ்கிறார்கள். வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் போகவில்லை, போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். கடல் அங்கேதானே இருக்கிறது. ஓலைக் குடிசைகள், கரையில் படகுகள், வலை உலர்த்தும் இடம். இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்க, மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு நம்பவே முடியாது.

முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்திருந்த காலத்தில், அதற்கு மேல் வேன்களில் மணலிலும் தண்ணீரிலும் ஆடி ஆடித்தான் போக வேண்டும். 2017 ஜூலையில் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை திறந்தது. நோயாளியை ராமேஸ்வரம் கொண்டுபோக, பிடித்த மீனை விற்க, பிள்ளைகளின் மேல்படிப்புக்கு என்று அவர்களுக்கு அது பெரிய மாற்றம். கூடவே சுற்றுலாக் கூட்டமும் வந்தது, குப்பையும் வந்தது. பொரித்த மீன் கடையும் சிப்பிக் கடையும் போட்டுச் சிலருக்கு வருமானமும் வந்தது.

ரயில் வேண்டுமா என்று அவர்களில் பத்துப் பேரைக் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள். கடைக்காரருக்கு வேண்டும். கூரைக்குப் பட்டா இல்லாதவருக்குப் பயம். நில எடுப்பு என்று வந்தால் முதலில் கிளப்பப்படுவது யார் என்பது அவருக்குத் தெரியும். திட்டம் எதுவானாலும் அந்தக் குடும்பங்களுக்கு நிரந்தர இடமும் பட்டாவும் குடிநீரும் என்ன என்று முதலில் எழுத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் தண்டவாளத்தைப் பற்றிப் பேசட்டும்.

எதிர்க்கரையில், தலைமன்னாரில் ரயில் ஓடுகிறதா?

ஓடுகிறது. போரால் 1990-இல் நின்ற மன்னார் பாதையை இந்தியக் கடனுதவியில், இந்திய நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் வந்தது. அக்கரையில் ஸ்டேஷன் தயார். இக்கரையில் ராமேஸ்வரம் வரை அகலப்பாதையும் புதுப் பாலமும் தயார். நடுவில் இல்லாதது கப்பல் மட்டும்.

அப்படியானால் கப்பல் வந்தால் பாதையும் வருமா?

கப்பல் வந்தால்தான் பாதைக்கு ஓர் அர்த்தம் வரும் என்பேன். நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ராமேஸ்வரம்–தலைமன்னார் பற்றியும் இரண்டு அரசுகளும் பேசிவருகின்றன. ஆனால் கவனியுங்கள், பேச்சில் இருப்பது ராமேஸ்வரம், தனுஷ்கோடி அல்ல. கப்பல் ராமேஸ்வரத்தில் நின்றால் அங்கே ஏற்கனவே ரயில் இருக்கிறது. 1964-க்குப் பிறகு, இலங்கையில் போர் மூளும் வரை, கப்பல் அப்படித்தான் ஓடியது.

அதனால்தான் சொல்கிறேன்: போட் மெயிலைத் திரும்பக் கேட்பவர்கள் தனுஷ்கோடித் தண்டவாளத்தைக் கேட்பதைவிட ராமேஸ்வரம் கப்பலைக் கேட்பது நல்லது. கிடைக்கக்கூடியது அதுதான். ரயில் என்றால் எனக்கு உயிர். தனுஷ்கோடிக்கு ஒரு நாள் ரயிலில் போக வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் செல்ஃபி எடுத்துத் திரும்பும் கூட்டத்துக்காக மட்டும் அந்த மணல் மேடுகளை வெட்ட என் மனம் ஒப்பவில்லை. அதற்கு ராமேஸ்வரத்திலிருந்து கூடுதல் பேருந்துகள் போதும்.

சரி, ரயில் வராது என்றால் பழைய ஸ்டேஷனை என்ன செய்வது?

காப்பாற்ற வேண்டும், அதுவும் இப்போதே. அடிக்கல்லுக்கும் கப்பலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுவர்களை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டாம், வர்ணமும் பூச வேண்டாம். இருக்கும் சுவர் மேற்கொண்டு சரியாமல் தாங்கல் கொடுத்தால் போதும். பாம்பன் பாதை எந்த வழியாக வந்தது, நடைமேடை எங்கே, கப்பல் துறை எங்கே, 653 எங்கே நின்றது என்று தரையில் அடையாளம் வைக்கலாம். இப்போது வருகிறவர்களுக்கு எது ஸ்டேஷன், எது தேவாலயம் என்றே தெரியவில்லை. வேன் டிரைவர் சொல்வதுதான் வரலாறு.

அந்த இரவில் பிழைத்தவர்களின் பேச்சைப் பதிவுசெய்வது அதைவிட அவசரம். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அன்று பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களே எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

நேரில் பார்க்க எப்படிப் போவது?

ராமேஸ்வரம் வரை ரயில். அங்கிருந்து அரிச்சல்முனைக்கு அரசுப் பேருந்து இருக்கிறது, ஆட்டோவும் வேனும் கிடைக்கும். ஸ்டேஷன் இடிபாடு இருக்கும் பழைய ஊர், முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். பலர் அதைத் தாண்டி நேராக முனைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறார்கள், அதனால் டிரைவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பொழுது சாயும் முன் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே காலையிலேயே கிளம்பிவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். சுவர்கள் மேல் ஏற வேண்டாம். அங்கே பல கட்டடங்கள் பவளக்கல்லால் கட்டியவை, கை வைத்தாலே உதிர்கின்றன.